காக்காவின் குரலில் ஒரு ஜனாஸா அறிவித்தல்

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை முழுக்க வானொலி கத்திக்கொண்டே இருக்கும். டென்மார்க்குக்கு வந்து தலைமுடியே நரைத்துவிட்டது, இன்னும் அந்த வானொலி சொல்வதில் பாதிதான் எனக்கு விளங்கும். மீதியை உடன் வேலை செய்யும் பிர்கிட்ட விளக்குவாள். அன்றைக்கும் அப்படித்தான். உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பி, "கேட்டாயா பரீதா, உன் முகமும் உன் குரலும் இனி உனக்குத்தான் சொந்தமாம். பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள்.

"இவ்வளவு நாளும் யாருக்குச் சொந்தமாக இருந்தது?" என்று கேட்டேன்.

சமையலறையே சிரித்தது. நான் பகிடிக்குக் கேட்கவில்லை. இந்த நாட்டு மொழியில் நான் உண்மையாகக் கேட்கிற கேள்விகள் பகிடியாகத்தான் போய்ச் சேரும். பகிடி விட்டால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

பிர்கிட்ட கைகளைத் துடைத்துவிட்டு விவரமாகச் சொன்னாள். இப்போது கணினியைக் கொண்டு யாருடைய குரலையும் யாரும் செய்துகொள்ளலாம். அவரிடம் கேட்காமல் அப்படிச் செய்து பரப்பினால், குரலுக்குரியவர் அதை நீக்கச் சொல்லலாம், நட்டஈடும் கேட்கலாம். இதுதான் அவர்கள் கொண்டுவரப் பார்க்கும் சட்டம். "நல்லதுதானே?" என்றாள். "நல்லதுதான்" என்றேன். அதற்குப் பிறகு நான் சீவியதைப் பார்த்தால் பாதிக் கிழங்கு தோலோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருந்தது.

ஏனென்றால் என் போனில் காக்காவின் குரல் இருந்தது. காக்கா தன் வாழ்நாளில் சொல்லாத வசனங்களை, நான் எழுதிக் கொடுத்தால் அது சொல்லும். அந்தக் குரலை வைத்து, கல்முனையில் உயிரோடு இருந்த ஒரு மனிதரை மௌத்தாக்கி, செத்துவிட்டார் என்று ஊருக்கே அறிவித்தவள் நான். அது நடந்து அப்போது ஒரு கிழமைகூட ஆகவில்லை.

2

காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். என் காக்காவின் பெயர் ஜவாத். நான் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் கல்முனை பிரதான வீதியில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை செய்தார். இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. வேண்டிய பாட்டுகளை ஒரு துண்டில் எழுதி வெற்றுக் கசெட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் பின்னேரம் பாட்டு நிறைந்த கசெட்டாகத் திரும்பி வரும். சினிமாப் பாட்டு, இஸ்லாமியக் கீதம், இந்தியாவிலிருந்து வந்த மௌலவிமாரின் பயான் பேச்சு, எல்லாம் அங்கே பிரதியாகும். பாடியவருக்கோ பேசியவருக்கோ இது தெரியாது. தெரிய வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

பதிப்புரிமை என்ற சொல்லை நான் முதன்முதல் வாசித்தது அங்கே இருந்த ஒரு கசெட் உறையில்தான். அனுமதியின்றிப் பிரதி எடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அச்சடித்திருந்தது. காக்காவின் முதலாளி அந்த உறையையும் சேர்த்துத்தான் போட்டோக் கொப்பி எடுத்து விற்றார். ஒரு தடவை பொலிஸ் வந்து கசெட்டுகளை அள்ளிக்கொண்டு போனதும், காக்காவையும் முதலாளியையும் பொழுதுபடும் வரை நிலையத்தில் உட்கார வைத்ததும் நினைவிருக்கிறது. மறுநாளே கடை திறந்துவிட்டது.

கசெட் போய் சீடி வந்தது, சீடி போய் சிப் வந்தது, பிறகு கடையே போய்விட்டது. காக்கா ஒரு ஆட்டோ எடுத்து மேலே இரண்டு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டார். தண்ணி வெட்டு, காணாமல் போன பிள்ளை, பெருநாள் மலிவு விற்பனை, எல்லாவற்றையும் அவர்தான் ஊருக்குச் சொன்னார். பள்ளிவாசல் மைக்கில் ஜனாஸா அறிவிக்கிற, அதாவது யார் மௌத்து, எப்போது அடக்கம் என்று சொல்கிற பொறுப்பும் மெல்ல மெல்ல அவரிடமே வந்தது. அதற்கு அவர் கூலி வாங்குவதில்லை.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. போனில் சொன்னால் அறிவிக்கமாட்டார். மௌத்தான வீட்டுக்கு நேரே போய், ஆட்களைக் கண்டு, எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் மைக்கைத் தொடுவார். சுணங்குகிறது என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். "சுணங்கினா மையத்து கோவிக்கப் போறல்ல. உசிரோட இரிக்கிறவனச் சொல்லிட்டா என்ன செய்ற?" என்பார். அதனால்தான், ஆஸ்பத்திரியிலிருந்து என்ன கதை வந்தாலும், "ஜவாத் சொல்லிட்டானா?" என்று கேட்கிற பழக்கம் ஊரில் வந்தது.

3

என் மகள் ஹனா இங்கே பிறந்தவள், கணினி படிக்கிறாள். தமிழில் சொன்னால் விளங்கும். கதைக்கச் சொன்னால் பாதி வழியில் டேனிஷுக்குத் தாவிவிடுவாள். ஊருக்குப் போனால் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு ஒரு மூலையில் போனோடு ஒதுங்கிவிடுவாள். நான் வெட்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவளுக்கு ஒட்டு காக்காவோடு மட்டும்தான்.

காக்கா அவளுக்கு அடிக்கடி வொய்ஸ் கட் போடுவார். "மகள், இண்டைக்கு இஞ்ச நல்ல மழ. ஒங்கட மாமி ஆப்பம் சுட்டா. ஒனக்கும் ஒண்டு எடுத்து வச்சிரிக்கன், ஆறுறத்துக்கு முந்தி வா." இவள் பதிலுக்கு ஒரு இதயப் படம் அனுப்புவாள். வருடக்கணக்காக இதுதான் அவர்களுடைய பேச்சு. அவள் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

நான் இந்த நாட்டில் வந்திறங்கிய நாளை எங்கள் வீட்டில் நினைவு வைத்திருப்பதும் அவள்தான். இந்த வருடம் அந்த நாளில் என் போனை வாங்கி என்னவோ செய்து திருப்பித் தந்தாள். "எழுதுங்க உம்மா. என்ன எழுதினாலும் மாமா சொல்லுவார்."

நான் எழுதினேன்: பரீதா, சாப்பிட்டியா?

காக்கா கேட்டார். காக்காவேதான். கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்பு, தொண்டையில் இருக்கிற அந்தக் கரகரப்பு, எல்லாம் அப்படியே. நான் குசினிக்குள்ளே போய் அழுதேன். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் ஒருவரும் என்னை வீட்டு வாசலில் நின்று சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

ஹனா பின்னாலேயே வந்தாள். "உம்மா, மாமாட்ட கேட்கணும். அவர்ட குரல் தானே."

"பைத்தியமா ஒனக்கு? மாமாட்டக் கேட்கிற என்னத்துக்கு? நம்மட மாமா தானே."

"நம்மட எண்டா கேட்கத் தேவல்லையா?"

"போடி" என்று தள்ளிவிட்டேன். இங்கே பாலர் பாடசாலையில் பிள்ளையின் படத்தைச் சுவரில் ஒட்டக்கூடத் தாயிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். எனக்கு அது எப்போதும் எரிச்சல். எதற்கெடுத்தாலும் அனுமதி, எதற்கெடுத்தாலும் கையெழுத்து, இதென்ன மனிதர்கள் என்று நினைப்பேன். என் மகள் அந்த மனிதர்களில் ஒருத்தியாகிவிட்டாள் என்று அன்றைக்கு மனதுக்குள் நொந்துகொண்டேன்.

அவள் விடவில்லை. "அப்ப நீங்க மட்டும் வச்சிருங்க. ஒருத்தருக்கும் அனுப்பக் கூடாது. வல்லாஹி சொல்லுங்க."

"வல்லாஹி" என்றேன். அல்லாஹ்வின் மேல் சத்தியம். எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்!

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் குரல்தான் எனக்குத் துணை. நான் சமைத்ததைப் புகழச் சொல்வேன், புகழும். குளிருக்குக் கம்பளி போடு என்று அதட்டச் சொல்வேன், அதட்டும். உண்மையான காக்கா முழங்கால் நோவைச் சொல்வார், சண்டை பிடித்த மருமகனைப் பற்றிச் சொல்வார். இந்தக் காக்கா எனக்கு வேண்டியதை மட்டும் சொன்னார். உண்மையான காக்காவின் வொய்ஸ் கட்டைத் திறக்காமலே விட்ட நாளும் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

4

ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு வட்ஸ்அப் குறூப் உண்டு. அதில் பெருநாள் பிறை, கல்யாணம், மௌத்து, இந்த மூன்றும்தான் முக்கியம். யார் முதலில் போடுவது என்பதில் ஒரு போட்டி இருக்கிறது. வெளியே யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். லண்டனில் ஒருவர் எப்போதும் முந்திவிடுவார். ஊரை விட்டு வந்த எங்களுக்கு, ஊரில் நடந்தது முதலில் நமக்குத்தான் தெரியும் என்று காட்டுவதில் ஒரு பெருமை. ஊரில் இருக்கிறவனுக்கு அந்தப் பெருமை தேவையில்லை.

ஆதம்பாவா ஹாஜியார் கல்முனை பசாரில் புடவைக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஊரில் அவர் கடைத் துணி உடுத்தாமல் பெருநாள் கொண்டாடிய வீடு குறைவு. இருதய வருத்தம் என்று கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குறூப்பில் எல்லாரும் துஆ கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை, என்னோடு படித்த ஸுபைதா வீடியோவில் அழைத்தாள். அவள் வீடு ஹாஜியார் வீட்டுக்குப் பக்கத்து வளவு. "ஹாஜியார கொண்டு வந்திட்டாங்கடி…" என்றாள். அத்தோடு படம் உறைந்துவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. பின்னால் பல பேர் சேர்ந்து குர்ஆனின் யாசீன் ஓதுகிறார்கள். லொறியிலிருந்து பிளாஸ்டிக் கதிரை இறக்குகிற சத்தம். யாரோ ஒருவர், "முத்தத்துல போடு, முத்தத்துல போடு" என்கிறார். தொடர்பு அறுந்தது.

இன்னா லில்லாஹி என்று நெஞ்சில் கை வைத்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் நாட்டை விட்டு வந்த பிறகு, யாசீனும் கதிரையும் கேட்டு வந்த அழைப்பெல்லாம் மௌத்துத்தான். வாப்பா போனதும் அப்படித்தான், உம்மா போனதும் அப்படித்தான். சுகமாகி வீடு திரும்பியவருக்காகவும் ஊரில் யாசீன் ஓதிச் சாப்பாடு கொடுப்பார்கள் என்பது மறந்தே போய்விட்டது. அந்தச் சந்தோஷங்களுக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, தூரத்தில் இருப்பவளைக் கூப்பிட்டு என்ன பயன்?

திருப்பி அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. லண்டன்காரர் முந்திவிடுவார் என்ற பயம். வெறுமனே எழுதிப் போடவும் மனம் வரவில்லை. காக்கா எப்படிச் சொல்வாரோ அப்படியே, இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், புடவைக் கடை உரிமையாளருமான என்று வரிசையாக எழுதி அந்தக் குரலுக்குக் கொடுத்தேன். அது சொன்னது. கேட்டவுடன் எனக்கே உடம்பு சிலிர்த்தது. குறூப்பில் போட்டுவிட்டேன்.

குறூப்பிலிருந்து அது ஊருக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் தேத்தண்ணி ஊற்றி முடிக்கவில்லை. ஸுபைதா கத்திக்கொண்டு அழைத்தாள்.

"அடியே பரீதா, ஜவாத் காக்காவுக்குப் பைத்தியமா? ஹாஜியார் இஞ்ச சோறு தின்னுறாருடி! மௌத்து எண்டு சனம் அழுதுகிட்டு வருது!"

குறூப்பில் போய் எல்லாருக்கும் அழி என்பதை அழுத்தினேன். என் பக்கத்தில் மட்டும் அழிந்தது. அழுதுகொண்டு வந்தவர்களை ஹாஜியாரே வாசலில் நின்று வரவேற்று, பலர் ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தாராம். கேட்க உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் மாவடிப்பள்ளியில் இருந்த அவருடைய ராத்தா, தம்பியைப் பற்றிய அந்தச் செய்தியைப் பேரனின் போனில் கேட்டுவிட்டு விழுந்துவிட்டா. அவவுக்குப் பல நாள் பேச்சு வரவில்லை. இப்போது எழுந்து நடக்கிறா, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருக்கிறதாம்.

5

காக்கா அன்றைக்கே அழைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, அந்த வொய்ஸ் கட்ட நானும் கேட்டன். குரல் என்ட. நான் சொல்லல்ல. முதல்ல ஒங்கட குறூப்புல தான் வந்த எண்டு சொல்றாங்க. ஒனக்கு ஏதும் தெரியுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஹனா செய்தது, நான் சத்தியம் செய்தது, நான் அனுப்பியது. அவர், "புள்ள என்ட வொய்ஸ் கட்டெல்லாம் சேத்து வச்சிருந்ததா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அல்லாஹ்வே" என்றார். அந்தக் குரலில் சந்தோஷம்தான் இருந்தது, நான் கூசிப்போனேன்.

இரண்டு நாளில் மறுபடி அழைத்து, அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் மரைக்கார்மார் இதை விசாரிக்கப் போகிறார்கள் என்றார். மரைக்கார்மார் என்றால் குடிக்கு ஒருவராகப் பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள். காக்கா அதற்கிடையில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடமும் போயிருந்தார்.

"மௌத்து அறிவித்தல் செய்திதானாம், செய்திக்குப் பதிப்புரிமை இல்லியாம். குரல் எண்டது படைப்பும் இல்லியாம். பாட்டுப் பாடினதக் களவெடுத்திருந்தா ஏதும் செஞ்சு பாக்கலாமாம். நான் பாட்டா பாடினன்?" என்று சிரித்தார். "ரெக்கோடிங் பாருல எத்தன பேர்ட குரல நான் கொப்பி அடிச்சிருப்பன். அவங்கட பதுவா, சாபம் போல."

படிக்கும் ஊரிலிருந்து வார இறுதிக்கு வீட்டுக்கு வந்த ஹனாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, இந்தக் குரலைச் செய்தது நான், மாமாவுக்கு இது தெரியாது என்று மரைக்கார்மாருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, அதையே எழுத்துப் பிழையோடு தமிழிலும் எழுதினாள். எழுதிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள். அச்சு இயந்திரம் வந்த பிறகுதான் புத்தகத்துக்கு உரிமை என்ற பேச்சே வந்ததாம். பிறகு இசைத்தட்டு, பிறகு கசெட், பிறகு கணினி. ஒவ்வொரு தடவையும் இயந்திரம் முந்திவிடும், சட்டம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வரும்.

"இந்தப் புது சட்டம் வந்தா மாமா வழக்குப் போடலாமா?" என்று கேட்டேன்.

"போடலாம் போல உம்மா. இஞ்ச இருந்துதானே செஞ்சம்." பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்களுக்கு எதிரா."

என் கணவர் அதுவரை வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "கடிதம் கிடிதம் ஒண்டும் இப்ப அனுப்பத் தேவல்ல" என்றார். என் குடியுரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று எங்கே போய் எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும் என்றார். ஊரில் ஹனாவின் பெயர் அடிபடும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் உயிரோடு இருந்தவரை மௌத்தாக்கிய பெண் என்பார்கள் என்றார். ஹனா எழுந்து அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. நாளைக்கு அனுப்புவோம், நாளைக்கு அனுப்புவோம் என்று கடிதத்தை அலுமாரி மேல் வைத்தேன். காக்காவை அழைக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

6

பள்ளியில் நடந்ததை யாரோ போனில் பதிவு செய்து குறூப்பில் போட்டிருந்தார்கள். ஹனா என் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குரல் என்டதான். விசாரிக்காம, வீட்ட போய்ப் பாக்காம சொன்னது என்ட பிழ. ஹாஜியார்ட குடும்பத்தாருக்கிட்ட மன்னிப்புக் கேக்கன்."

அவ்வளவுதான். யாரோ, "இனி மைக்கத் தொட வேணாம் ஜவாத்" என்றார். "சரி" என்றார் காக்கா.

"இது பொய் உம்மா!" என்று ஹனா போனைப் பறித்தாள். "மாமா இப்படிச் சொல்லமாட்டார். இதயும் யாரோ செஞ்சிருக்காங்க." காதில் ஒட்டிவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மெதுவாகப் போனை மடியில் வைத்தாள். "இல்ல. இது மாமாதான். மூச்சு எடுக்கிறது கேட்குது."

நான் ஸுபைதாவுக்கு அழைத்து விசாரித்தேன். விசாரணைக்கு முதல், வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சி மகள் கணினி படிக்கிறாளே, அவள் செய்த வேலையா என்று ஒரு மரைக்கார் கேட்டாராம். காக்கா உடனே எழுந்து நின்றது அதற்குப் பிறகுதானாம். ஒரு புள்ளையின் பெயர் பள்ளிக்குள் வந்துவிடக் கூடாதென்று, தான் செய்யாத குற்றத்தைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். சட்டம் ஒருவனுக்குத் தன் குரல் தன்னுடையது என்று சொல்ல உரிமை கொடுக்கிறதாம். என் காக்கா அந்த உரிமையை எதற்குப் பாவித்திருக்கிறார் என்று பாருங்கள்.

அன்றைக்குத்தான் அழைத்தேன். அழுதுகொண்டே, "காக்கா, நான் மரைக்கார்மாருக்கு எல்லாத்தையும் சொல்லிர்றன்" என்றேன்.

"இனிச் சொல்லாத" என்றார். "இனி நீ உண்மையச் சொன்னா, நான் அல்லாட பள்ளிக்குள்ள நிண்டு பொய் சொன்னவன் ஆகிடுவன். வெளங்குதா? முந்திச் சொல்லியிருக்கணும் தங்கச்சி."

முந்திச் சொல்லியிருக்கணும். அவர் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரே வசனத்தில்தான். கடிதம் அலுமாரி மேல் இருந்தது.

ஹனா அந்தக் குரலை அழித்தாள். அழிக்கும் முன், "கடைசியா ஒரு தரம் கேட்கணுமா உம்மா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். உண்மையில் கேட்க வேண்டும் போல்தான் இருந்தது. பஸ்ஸில் இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

7

காக்கா இப்போது பெருநாள் விற்பனைக்கும் ஆட்டோ எடுப்பதில்லை. கடைக்காரர்கள் கூப்பிடாமல் இல்லை. அவருக்கு மைக்கைப் பிடித்தால் சத்தம் வருவதில்லையாம். காக்காவின் மனைவி, என் மதினி சொன்னா. ஆதம்பாவா ஹாஜியார் கோபமெல்லாம் மறந்து வழியில் கண்டால் ஸலாம் சொல்கிறாராம். இவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறாராம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்யும் இடத்தில் பிர்கிட்ட அந்தச் சட்டத்தைப் பற்றி எப்போது வாய் திறந்தாலும் நான் குளிர் அறைக்குள் போய் நின்றுகொள்வேன். என்னால் செய்யக்கூடியது எழுதுவது ஒன்றுதான். நான் முன்பே ஊர்ப் பத்திரிகைக்கு இங்கத்தைய குறிப்புகள் எழுதி அனுப்பியவள். ஆனால் இந்தத் தடவை எழுத உட்காருமுன் காக்காவை அழைத்தேன்.

"காக்கா, இதப்பத்தி எழுதட்டுமா? ஒங்கட பேரப் போட்டு, ஒங்கட கதயச் சொல்லி. நீங்க வேணாம் எண்டா எழுதமாட்டன்."

என் வாழ்க்கையில் அவரிடம் நான் கேட்டு வாங்கிய முதல் அனுமதி அது. அவருக்கே ஆச்சரியம்.

"நீயா கேக்காய்?" என்றார். பிறகு, "எழுது" என்றார். "எழுதிறண்டா முழுக்க எழுது. நான் பள்ளில பொய் சொன்னதயும் விடாத. என்னால அதச் சுமக்க ஏலாம இரிக்கி தங்கச்சி. ஹாஜியார் ஸலாம் சொல்றாரு, எனக்கு பதில் சொல்ல வாய் வருதில்ல. ஆனா அச்சுல வாறத்துக்கு முந்தி நான் போய் என்ட வாயால சொல்லணும்."

"என்ட பேரச் சொல்லுங்க" என்றேன்.

ஹனா பக்கத்தில் இருந்தவள், போனைப் பார்த்துக் கத்தினாள். "என்ட பேரயும் சொல்லுங்க மாமா. நான்தான் செஞ்ச."

"நீ செஞ்சது சாமான்தான் மகள்" என்றார் காக்கா. "ரெக்கோடிங் பாருக்குப் பொலிஸ் வந்த நேரம், மெசின் செஞ்ச கம்பனிக்காரனயா புடிச்சாங்க? கொப்பி அடிச்ச எங்களத்தானே புடிச்ச."

ஹனா கேட்கவில்லை, வாதாடினாள், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இந்தக் குறிப்பில் மகளின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவர் பள்ளிக்குப் போனார். நான் கேட்டபடி போனை என்னோடு தொடர்பிலேயே விட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வேலைக்கு நடுவே சமையலறையின் பின்பக்கம் போய், ஏப்ரனோடு நின்று காதில் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் துணி உரசும் சத்தம்தான் வந்தது. பிறகு ஆட்கள் உட்காருவது கேட்டது. யாரோ ஒருவர், "சொல்லு ஜவாத்" என்றார்.

காக்கா தொண்டையைக் கனைத்தார். அன்றைக்கு இதே இடத்தில் தான் சொன்னது பொய் என்றார். அந்த அறிவித்தலைத் தான் சொல்லவில்லை, தன்னுடைய குரலைப் போல் செய்து தன் தங்கச்சி பரீதா அனுப்பியது, தெரிந்துகொண்டேதான் மறைத்தேன் என்றார். ஒரு இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடியும் தொடர்ந்தார்.

என்னை அறியாத ஒரு இளைய மரைக்கார் கேட்டார், "இப்பிடி ஒன்ட மானத்த வாங்கினவளுக்காகவா பள்ளிக்குள்ள பொய் சொன்ன? யார் அவ ஒனக்கு, ஒண்டு விட்ட தங்கச்சியா?"

"இல்ல" என்றார் காக்கா. "என்ட கூடப்பொறந்த தங்கச்சி."